எண்ணெய்ச் செலவும் வியாபாரியின் கணக்கும்



மிளகாய் மூட்டை வாங்கும்போது கிலோவுக்கு ஐந்து காசு குறைத்துக் கேட்க நாம் கூசுவதில்லை. ஆனால், அந்த மூட்டையைச் சுமந்து வரும் வேனுக்கு எண்ணெய் அடிக்கும்போது ரசீதைக்கூடப் பார்ப்பதில்லை. சரக்கில் மிச்சம் பிடித்த காசு புகையாய்ப் போவது இதனால்தான். சிங்கப்பூரில் ஓடும் ஒரு பெட்ரோல் வேனை உதாரணமாக வைத்து இந்தக் கணக்கைப் பார்ப்போம்.

1. பம்பு விலை வேறு, கொடுக்கும் விலை வேறு

ஒரே தர பெட்ரோலானாலும், கழிவு போக நாம் கொடுக்கும் தொகை நிலையத்துக்கு நிலையம் மாறும். இதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் 2020 ஜனவரியில் ‘ஃபியூவல் காக்கி’ என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. கழிவிலும் இரண்டு வகை உண்டு. உடனே ரசீதில் குறைவது ஒன்று. மாதம் இவ்வளவு செலவழித்தால்தான் பின்னால் திரும்ப வருவது மற்றொன்று. முதலாவதே கையில் நிற்கும் காசு. கடன் அட்டையின் கழிவுக்கு ஆசைப்பட்டுத் தவணை தவறினால் வட்டி ஏறும். வட்டி நமக்கு ஆகாது. கழிவையும் அது விழுங்கிவிடும்.

2. தேவைக்கு மேற்பட்ட தரம்

வண்டியின் கையேட்டில் 92 அல்லது 95 போதும் என்றிருந்தால், 98 அடிப்பதால் வண்டிக்குத் தனிப் பயன் இல்லை. 2021 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட தீர்வையின்படி 92, 95 ரகங்களுக்கு லிட்டருக்கு 66 காசு. 98 ரகத்துக்கு 79 காசு. ஆகவே, தீர்வையில் மட்டுமே 13 காசு கூடுதல். ஆனால், கையேட்டில் சொன்ன தரத்துக்குக் கீழே இறங்கவும் வேண்டாம்.

3. மலிவைத் தேடி ஓடும் செலவு

லிட்டர் 3 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஒரு நிலையத்தில் 10 காசு குறைவு. 40 லிட்டர் அடித்தால் லாபம் 4 வெள்ளி. போய்வர 16 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வேனுக்கு 1.6 லிட்டர், அதாவது 4 வெள்ளி 80 காசு செலவு. கடையை விட்டுப் போன நேரம் தனி நஷ்டம். அதே நிலையம் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போகும் வழியில் இருந்தால், 4 வெள்ளியும் லாபமே.

ஜோகூருக்குப் போய் அடிக்கலாமே என்பார் சிலர். சிங்கப்பூர்ப் பதிவு வண்டி எல்லை தாண்டும்போது டாங்கியில் முக்கால் பங்கு எண்ணெய் இருக்கவேண்டும் என்ற விதி 1991-லிருந்து உள்ளது. அங்கே மானிய விலை ரோன்95 வெளிநாட்டு வண்டிகளுக்குக் கிடையாது. மிச்சமுள்ள கால் டாங்கிக்காக வரிசையில் நிற்பது வியாபாரிக்குக் கட்டுபடியாகாது.

4. எரிக்காத எண்ணெயே மலிவான எண்ணெய்

என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சமயம் எண்ணெய்ச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. வண்டி ஓட்டும் தம்பிமேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாயைத் திறந்து கேட்குமுன், ஒரு வாரம் கணக்கு எழுதிப் பார்ப்போம் என்று தோன்றியது. லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடிய வேன் எட்டரைக்கு இறங்கியிருந்தது.

“தம்பி, சரக்கு இறக்கும்போது எஞ்சினை நிறுத்துகிறாயா?” என்று கேட்டேன்.

“இல்லை முதலாளி, உள்ளே வெக்கை. ஏர்கான் போட்டுக்கொண்டு இருப்பேன்” என்றான்.

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் இப்படிப் போயிருக்கிறது. நின்ற வண்டியில் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். அவசியமின்றி அப்படி ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றமுங்கூட. டயர்களில் காற்றும் குறைவு. விற்காத இரண்டு அரிசி மூட்டைகள் பல நாளாய் வண்டியிலேயே ஊர் சுற்றியிருந்தன. அவற்றை இறக்காதது என் தவறு. கணக்கு எழுதாத குற்றத்துக்கு ஒரு நாணயமான பையனைத் திருடனாக்கப் பார்த்தேனே என்று வெட்கப்பட்டேன். அன்று முதல், இறக்குமிடத்தில் அவன் நிழலில் உட்கார நாற்காலி ஒன்று வண்டியில் போகிறது.

5. கணக்கு எழுதும் முறை

டாங்கியை நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறியுங்கள். அடுத்த முறையும் நிரப்பி, அடித்த லிட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதுங்கள். கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் வண்டியின் உண்மை தெரியும். டயர் காற்றை மாதம் ஒருமுறை, டயர் சூடேறுமுன் பாருங்கள்.

பயிற்சி: இந்த வாரம் உங்கள் வேன் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று? ஒரு பாக்கி வீட்டுக்கு, ஒரு சரக்கு நடைக்கு எண்ணெய் எவ்வளவு? விடை பேரேட்டில் இருந்தால், பாதி மிச்சம் கைக்கு வந்தது போலத்தான்.