மயிலத்து இரவு வானத்தைப் படமெடுக்க: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இரவு வானத்தைப் படமெடுக்கச் சொல்லித்தரும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. துருவ நட்சத்திரம் உயரத்தில் நிற்கும், பால்வீதியின் மையம் அடிவானத்தை ஒட்டியே கிடக்கும் என்று அவை சொல்லும். மயிலத்தில் இரண்டுமே தலைகீழ். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 டிகிரியில். துருவ நட்சத்திரம் வடக்கில் 12 டிகிரி உயரத்தோடு நின்றுவிடுகிறது. பால்வீதியின் மையமோ தெற்கே 49 டிகிரி வரை ஏறுகிறது. லண்டனில் அது 10 டிகிரியைக்கூடத் தொடுவதில்லை. வானியலாளர் வைணு பாப்பு ஜவ்வாது மலையின் காவலூரை வானாய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அங்கிருந்து தென்வானம் நன்றாகத் தெரியும் என்பது. மயிலம் காவலூரைவிடவும் சற்றுத் தெற்கே இருக்கிறது. மலையின் உயரமும் இருட்டும் நமக்கு இல்லை. ஆனால் அதே தென்வானம் இருக்கிறது. ஆகவே கேமராவைத் தெற்கே திருப்புங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எந்த நாளில் போவது

சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து நாட்கள்தான் நமக்கான நாட்கள். மயிலம் மலைக்கோயிலில் கூட்டம் அலைமோதும் பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருவது. அன்றைக்கு நிலவொளி மங்கிய நட்சத்திரங்களை எல்லாம் விழுங்கிவிடும். அந்த இரவை நிலவைப் படமெடுக்க வைத்துக்கொள்ளுங்கள்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, நொடியில் 250இல் ஒரு பங்கு. முழுநிலவு வெயில் பட்ட பாறை; அதற்கு நீண்ட நேரம் தேவையே இல்லை.

அமாவாசையிலும் ஒரு சிக்கல் உண்டு. மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு அன்றிரவு செஞ்சிப் பக்கம் பேருந்தும் வேனும் ஓயாமல் போகும். அந்தச் சாலையோரம் ட்ரைபாட் விரித்தால் முகப்பு விளக்குகள் படத்தைக் கெடுக்கும். முதல் நாளோ மறுநாளோ போவது நல்லது.

தை முதல் வைகாசி வரை பருவம் நமக்குச் சாதகம். ஆடி, ஆவணியில் மேகம் நம்ப முடியாதது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்கழியிலும் தையிலும் வானம் தெளிந்தாலும் பின்னிரவில் பனி லென்ஸில் இறங்கும். அரைமணிக்கு ஒருமுறை லென்ஸின் முகத்தை டார்ச்சால் பார்த்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

எந்த இடத்தில் நிற்பது

மயிலத்திலிருந்து பார்த்தால் வடக்கிலிருந்து சற்றே கிழக்கே தள்ளித் திண்டிவனம், தென்கிழக்கே புதுச்சேரி, தென்மேற்குப் பக்கம் விழுப்புரம். இந்த மூன்று ஊர் வெளிச்சமும் அடிவானத்தில் தெரியும். புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நேர் தெற்கில் இருக்கும் இடைவெளிதான் நம் செல்வம். பால்வீதியின் மையம் எழுவது தென்கிழக்கில், ஏறக்குறையப் புதுச்சேரி வெளிச்சத்தின் பக்கம். எழுந்தவுடன் எடுக்க அவசரப்படாதீர்கள். அது நகர்ந்து நேர் தெற்குக்கு வரும்வரை காத்திருங்கள். படத்தின் தரமே மாறிவிடும்.

கோயில் மலையிலும் அடிவாரத்திலும் விளக்குகள் அதிகம். ஊரை விட்டு விலகி, தெற்கே மரமும் தெருவிளக்கும் இல்லாத ஏரிக்கரையோ வயல்வெளியோ பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை அந்த இடத்தை நடந்து பார்த்துவிடுவது கட்டாயம். நிலத்துக்காரரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். நள்ளிரவில் முன்பின் தெரியாத ஆள் வரப்பில் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்வேலி போடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். எனவே பார்த்து வைத்த பாதையைத் தவிர வேறெங்கும் இருட்டில் கால் வைக்காதீர்கள். விரியன் பாம்புக்காகக் கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள். துணைக்கு ஒருவர் இல்லாமல் போகவே வேண்டாம்.

என்ன எடுத்துச் செல்வது

லென்ஸ் மாற்றக்கூடிய எந்த டிஜிட்டல் கேமராவும் போதும். கல்யாணப் படம் எடுப்பவர்கள் விற்கும் பழைய கேனான், நிக்கான் கேமரா தாராளமாகப் போதும். அதோடு வரும் 18–55 லென்ஸை 18இல் வைத்தே தொடங்கலாம். ட்ரைபாடில்தான் கஞ்சத்தனம் கூடாது. லேசான ட்ரைபாட் என்றால் நடுக்கம்பியில் பையைத் தொங்கவிட்டுக் கனம் சேருங்கள். கூடுதல் பேட்டரி ஒன்றும், சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச் ஒன்றும் வேண்டும். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும்.

ஃபோகஸ்: எல்லாவற்றிலும் கடினமானது

புதிதாகத் தொடங்குபவர்களின் படங்கள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். இருட்டில் ஆட்டோஃபோகஸ் திணறும், ஷட்டரே விழாது. லென்ஸை மேனுவலுக்கு மாற்றுங்கள். படம் ஆடாமல் காக்கும் வசதி லென்ஸில் இருந்தால் அதை அணையுங்கள். ட்ரைபாடில் அது சில சமயம் தானே ஆட்டம் உண்டாக்கும்.

லைவ் வியூ போட்டு, இருப்பதிலேயே பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையின் நடுவே கொண்டுவாருங்கள். திரையை 10 மடங்கு பெரிதாக்குங்கள். ஃபோகஸ் வளையத்தை மிக மெதுவாகத் திருப்பும்போது, பரந்த வட்டமாக இருக்கும் ஒளி சுருங்கிப் புள்ளியாகும். இன்னும் திருப்பினால் மறுபடி விரியும். மிகச் சிறிய புள்ளியாக இருந்த இடத்துக்குத் திரும்பி வந்து நிறுத்துங்கள். வளையத்தில் முடிவிலிக் குறி இருந்தால் அதை நம்பாதீர்கள், பல லென்ஸ்களில் சரியான இடம் அதற்குச் சற்று முன்னால் இருக்கும். நட்சத்திரம் சிக்கவில்லையென்றால் தொலைவில் தெரியும் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு போதும். சரியானதும் வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஜூமைத் தொட்டால் ஃபோகஸும் போய்விடும். மீண்டும் முதலிலிருந்து செய்யவேண்டும்.

எண்களை வைப்பது

கேமராவை மேனுவல் நிலைக்கும், படக்கோப்பை ரா வடிவத்துக்கும் மாற்றுங்கள். அபெர்ச்சரை முழுதாகத் திறங்கள். 18–55 லென்ஸில் அது எஃப் 3.5. ஷட்டர் நேரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. லென்ஸின் மில்லிமீட்டரை 1.5ஆல் பெருக்கி, 500ஐ அதனால் வகுங்கள். 18க்கு ஏறக்குறைய 18 நொடி வரும். அதைத் தாண்டினால் பூமியின் சுழற்சியால் நட்சத்திரம் கோடாக இழுபடும். நான் 15 நொடியே சொல்வேன். ஐஎஸ்ஓ 1600இல் தொடங்கி, தெற்கு நல்ல இருட்டாக இருந்தால் 3200 வரை போகலாம். வெண்சமநிலையை 4000 கெல்வினுக்கு அருகில் வையுங்கள். பொத்தானை அழுத்தும் கை நடுக்கம் போக 2 நொடி டைமர் போதும்.

எடுத்த படத்தைத் திரையில் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். இருட்டில் எல்லாமே பளிச்சென்றுதான் தெரியும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்: மேடு இடது ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருந்தால் சரி.

எதைப் படமெடுப்பது

தையில் இரவு ஒன்பதரை மணிக்கு ஓரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். முதல் படத்துக்கு இதைவிட எளிதானது இல்லை. அதில் திருவாதிரையின் செம்மையும் ரிகலின் நீலவெண்மையும் கண்ணுக்குத் தெரிவதைவிடப் படத்தில் தெளிவாக வரும். மாசியில் எட்டு, ஒன்பது மணி வாக்கில் அகத்தியர் நட்சத்திரம் நேர் தெற்கே 25 டிகிரியில் நிற்கும். வானிலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் அது. லண்டன்காரர்களுக்கு அது எழுவதே இல்லை.

சித்திரையில் இரவு பத்து, பதினொரு மணிக்குத் தென்சிலுவை. கையை நீட்டிச் சாண் விரித்தால் சுமார் 20 டிகிரி. அடிவானத்திலிருந்து அதற்குச் சற்றுக் குறைவான உயரத்தில் தேடுங்கள். இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அதைச் சுட்டிக்காட்டும். வைகாசியின் பின்பாதியில் நள்ளிரவுக்கு விருச்சிகம் முழு உருவத்தோடு தெற்கே வரும், நெஞ்சில் சிவந்த கேட்டையோடு. அதன் வால் பக்கம்தான் பால்வீதியின் மையம். ஒரு மணி அளவில் அது நேர் தெற்கு. தேடச் சிரமமாக இருந்தால் கைப்பேசியில் ஸ்டெல்லேரியம் செயலி வழிகாட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரே இடத்தை, ஒரே அமைப்பில், இருபது முப்பது படங்கள் எடுத்து வாருங்கள். சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருள் அவற்றை நட்சத்திரங்களின்படி அடுக்கிச் சேர்க்கும்போது, ஒவ்வொரு படத்திலும் இடம் மாறி விழும் புள்ளிக் குறைகள் மறைந்து பால்வீதியின் கரும்பட்டைகள் தெளிவாகும். லென்ஸை மூடிபோட்டு அதே ஷட்டர் நேரம், அதே ஐஎஸ்ஓவில் பத்துப் படங்களும் எடுத்துக் கொடுத்தால் சென்சாரின் நிலையான குறைகளையும் அது கழித்துவிடும்.

பிறகு மாறுபாட்டை மெல்லக் கூட்டுங்கள். வானத்தை ஊதா நிறமாக்கும் அளவுக்கு இழுக்காதீர்கள். ஒவ்வொரு கோப்புறைக்கும் தேதி, இடம், திசை மூன்றையும் பெயராக வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்து அமாவாசையில் அதே வரப்பிலிருந்து எடுத்து ஒப்பிட்டால், புதுச்சேரிப் பக்கத்து வெளிச்சம் தெற்கு இடைவெளிக்குள் எவ்வளவு நுழைந்திருக்கிறது என்பது தெரியும்.