சோதனை இயக்கியைக் கையாளும் முறை

செய்நிரலின் கேள்வியைத் தரவுத்தளத்துக்குக் கொண்டு சென்று விடை கொணரும் மென்பொருளை இயக்கி என்பர். முறைமைகளை ஆக்கும் மொழியாகிய றஸ்ற், 2015 இல் 1.0 பதிப்பை எட்டியது. மொங்கோடிபி தரவுத்தளத்துக்கு அம்மொழியில் முதலில் கிடைத்தது சோதனை இயக்கியே. பின்னர் அது கைவிடப்பட்டது. புதிதாய் எழுதப்பெற்ற இயக்கி 2020 இல் 1.0 பதிப்பாக வெளிவந்தது. முன்னதைக் கொண்டு எழுதிய நிரல்கள் புதியதற்கேற்பத் திருத்தப்பட வேண்டியனவாயின.

இதனின்றும் நாம் கற்பன மூன்று.

1. பதிப்பெண் சுழியத்தில் தொடங்குமாயின், அமைப்பு இன்னும் மாறும் என்னும் முன்னறிவிப்பாக அதனைக் கொள்க.

2. கார்கோ எழுதும் பூட்டுக் கோப்பைப் பேணுக. அதிற் குறித்த பதிப்பே மறுமுறையும் வரும்.

3. இயக்கியை அழைக்கும் வரிகளை ஒரே கூற்றில் அடக்குக. மாற்றம் நேரின் அதனை மட்டும் திருத்தினாற் போதும்.

நினைவகப் பிழைகள் பலவற்றைத் தொகுப்பி தடுக்கும். ஆயின், பதிவு தளத்திற் சேர்ந்ததோ என்பதை அஃது அறியாது. அதனை இயக்கி தரும் பெறுபேறே உணர்த்தும். அது வெற்றியோ தோல்வியோ என நோக்காது விடின், பிறர் நம்மை நம்பி ஒப்புவித்த பதிவு ஓசையின்றி அழியவுங் கூடும். ஆதலின் மாணவர், இழப்பினும் கேடில்லாத பதிவுகளைக் கொண்டே முதலிற் பழகுவாராக.