கொட்டகையில் ஒரு கப்சாய்

தோட்டத்து வீட்டைக் காலி செய்த அன்று அப்பா எதற்கும் வாய் திறக்கவில்லை. கட்டில், அலமாரி, சாமி படங்கள் எல்லாம் லாரியில் ஏறி முடிந்த பிறகு, "வண்டியை விட்டுட்டுப் போறீங்களே" என்று மட்டும் சொன்னார். அப்போது அந்த வண்டி ஓடும் நிலையில் இல்லை. இருந்தாலும், இரண்டு பேர் சேர்ந்து அதைத் தூக்கி லாரியின் பின்பகுதியில் கட்டினார்கள். அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகள் அது எங்கள் வரிசை வீட்டின் கார் கொட்டகை மூலையில், பழைய பாய் ஒன்றால் மூடப்பட்டு நின்றது.

அது ஒரு ஹோண்டா சி70. அப்பா 1978-இல் மாதத் தவணையில் வாங்கியது. விடியற்காலை இருட்டில் பெரட்டுக் களத்துக்குப் போவதும், பிறகு பால் வாளிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போவதும் அதில்தான். மலேசியாவில் இவ்வகை வண்டியைக் 'கப்சாய்' என்கிறோம். 'கப்' என்ற ஹோண்டாவின் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து இப்பெயர் உண்டானது என்பர். பினாங்கைச் சேர்ந்த வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை இந்நாட்டில் விற்றதால், அந்தக் காலத்துப் பெரியவர்கள் சிலர் இன்றும் 'பூன் சியூ ஹோண்டா' என்றே சொல்வதைக் கேட்கலாம்.

ஜப்பானில் 1958-இல் முதல் 'சூப்பர் கப்' வெளிவந்தது. ஒரு கையில் உணவுத் தட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பது அதை உருவாக்கியவர்களின் எண்ணம். ஆகவே, கையால் இயக்கும் கிளட்ச் அதில் இல்லை. காலால் கியரை மாற்றினால் போதும்; கிளட்ச் தானாகவே விலகிச் சேரும். காலுக்கு முன்னால் உள்ள பிளாஸ்டிக் கவசம் சேற்றைத் தடுக்கும். 2017-இல் இந்த வரிசை வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. இத்தனை எளிய வண்டி என்பதால்தான் வீட்டிலேயே பழுது பார்க்கும் துணிச்சல் எங்களுக்கு வந்தது. வேறு வண்டியாக இருந்திருந்தால் பாயை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடியிருப்போம்.

பாயை முதலில் எடுத்தவன் என் மகன். அப்போது அவன் நான்காம் படிவ மாணவன். அவனுக்கும் என் தம்பிக்கும் ஒரே திட்டம்: பின்பகுதிச் சட்டத்தை வெட்டி, இருக்கையைக் குட்டையாக்கி, கைப்பிடியைத் தாழ்த்தி 'கபே ரேசர்' ஆக்குவது. இந்தப் பாணி 1950, 60களில் இங்கிலாந்தில் வளர்ந்தது. லண்டனின் ஏஸ் கபே போன்ற சாலையோர உணவகங்களில் கூடிய இளைஞர்கள், தங்கள் வண்டிகளிலிருந்து தேவையற்ற பாகங்களைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள். மணிக்கு நூறு மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவது அவர்களுக்குப் பெருமை. டிரையம்ப் எஞ்சினை நார்ட்டன் சட்டத்தில் பொருத்தி, இரண்டு பெயரையும் கலந்து 'டிரைட்டன்' என்று அழைத்தார்கள். அழகான வண்டிகள்தாம், மறுக்கவில்லை. ஆனால், 72 சி.சி. எஞ்சின் கைப்பிடியைத் தாழ்த்தியதற்காக அதிகம் ஓடிவிடாது என்று நான் சொன்னபோது, இருவரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

பழைய வண்டி கையில் கிடைத்தால் மூன்று வழிகள் உண்டு. கடையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே மீட்டெடுப்பது ஒன்று. நம் விருப்பத்துக்கு ஏற்ப மாற்றியமைப்பது மற்றொன்று. மூன்றாவது வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வண்டியைப் பாதுகாப்பாக ஓடச் செய்துவிட்டு, அதன் தேய்மானத்தையும் கீறலையும் அப்படியே விடுவதுதான் அது. இவற்றில் எது சரி என்று ஒரே விதி சொல்ல முடியாது. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. பாதுகாத்த வண்டியை நாளை மாற்றியமைக்கலாம். வெட்டிய சட்டத்தைப் பற்றவைத்து ஒட்டலாமே தவிர, வெட்டாத சட்டமாக ஆக்க முடியாது.

சட்ட விதிகளும் குறுக்கே வந்தன. சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்துள்ள எண்கள் பதிவு அட்டையில் உள்ள எண்களோடு ஒத்திருக்க வேண்டும். எஞ்சினை மாற்றினாலோ வண்டியின் நிறத்தை மாற்றினாலோ சாலைப் போக்குவரத்துத் துறையிடம் தெரிவிக்க வேண்டும். எண்களைச் சரிபார்க்கப் பதிவு அட்டையைத் தேடினோம். பழைய பிஸ்கட் டின்னுக்குள் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்தார் அப்பா. அதில் உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. மகன் அதை நெடுநேரம் பார்த்தான். "தாத்தாகிட்ட யாருமே கேட்கலையே, மாமா" என்றான்.

கேட்டோம். "ஓடணும். மத்தது உங்க இஷ்டம்" என்றார் அப்பா. அவருக்கு அப்போது ஒரு கண்ணில் பார்வை மிகவும் மங்கியிருந்தது. இனி வண்டி ஓட்டப் போவதில்லை என்று அவருக்கே தெரியும். ஓட வேண்டும் என்று மட்டும் சொன்னார். சட்டத்தை வெட்டும் பேச்சு அதோடு நின்றது.

முதல் சனிக்கிழமையே ஒரு பாடம் கிடைத்தது. எஞ்சினின் பக்க மூடியில் இருந்த திருகு அசையவில்லை. மகன் வீட்டில் கிடைத்த திருப்புளியை வைத்து முழு பலத்தோடு திருப்பினான். திருகின் தலை மழுங்கிப் போனது. பழைய ஜப்பானிய வண்டிகளின் கூட்டல் குறித் திருகுகள், நாம் கடையில் சாதாரணமாக வாங்கும் திருப்புளிக்கு ஏற்றவை அல்ல. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆனால், சாதாரணத் திருப்புளியின் முனை ஜப்பானியத் தரத் திருகின் பள்ளத்தில் அடிவரை இறங்காது. அழுத்தித் திருப்பும்போது வழுக்கி மேலே வந்துவிடும். தம்பி ஜப்பானியத் தரத்தில் ஒரு திருப்புளி வாங்கி வந்தான். துருவைத் தளர்த்தும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டோம். மறுநாள் மற்றத் திருகுகள் சத்தமில்லாமல் கழன்றன. மழுங்கிய திருகை மட்டும் துளையிட்டு எடுக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு ஓர் ஒழுங்கு வந்தது. ஒரு பாகத்தைக் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுப்பான் மகன். கழற்றிய திருகுகளைச் சிறிய பைகளில் போட்டு, எந்த இடத்துக்கு உரியவை என்று எழுதி ஒட்டுவான். மூடியில் உள்ள திருகுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளமான திருகைக் குட்டையான துளையில் முறுக்கினால் அலுமினியம் விரிசல் விடும். ஆகவே, அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டுத் திருகுகளைச் செருகி வைத்தான். இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. நீண்ட காலம் நின்ற வண்டியில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். அந்நிலையில் உதைகம்பியை மிதித்தால் உள்ளே ஏதாவது உடையும். தீப்பொறிச் செருகியைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலையும் எண்ணெயையும் கலந்து ஊற்றி ஐந்து நாள் காத்திருந்தோம். ஆறாம் நாள் பிஸ்டன் அசைந்தது. ஆனால், சிலிண்டர் சுவரில் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் ஆழத்தில் ஒரு கோடு இருந்தது. இதற்கு வீட்டில் மருந்து இல்லை. பட்டறையில் கொடுத்து, சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் அகலப்படுத்தி, அதற்கு ஏற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்தினோம்.

இங்கே உங்கள் கணிதப் பாடம் உதவும். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 41.4 மில்லிமீட்டர். உருளையின் கன அளவைக் காணும் வாய்பாட்டில் இவற்றைச் சென்டிமீட்டராக மாற்றிப் போட்டுப் பாருங்கள். 71.8 கன சென்டிமீட்டர் வரும். விட்டத்தை 47.25 மில்லிமீட்டராக்கினால் ஏறத்தாழ 72.6 வரும். ஒரு கன சென்டிமீட்டர்கூடக் கூடவில்லை! "இதுக்கா இவ்வளவு செலவு?" என்று மகன் கேட்டான். செலவு சக்திக்காக அன்று; கோடு விழுந்த சுவரின் வழியே அழுத்தம் கசியாமல் இருப்பதற்காக.

கார்புரேட்டரைத் திறந்தபோது, காய்ந்துபோன பெட்ரோல் பச்சைப் பிசினாகப் படிந்திருந்தது. அதன் செம்பித்தளைத் துளைகள் ஊசிமுனை அளவுதான் இருக்கும். அவற்றை இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, எரிபொருள் கணக்கு கெட்டுவிடும். சுத்திகரிக்கும் திரவத்தில் ஊறவைத்துக் காற்றடித்துத் துளைகளைத் திறந்தோம். மின்கம்பிகளைப் பல இடங்களில் எலி கடித்திருந்தது. நல்ல வேளையாக, ஹோண்டாவில் பச்சைக் கம்பி எப்போதும் புவி இணைப்பு. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தேடிச் சேர்த்தான் தம்பி. வண்டி 6 வோல்ட்டில் இயங்குவது. 12 வோல்ட் விளக்கை மாட்டிவிட்டு, 'ஏன் மின்மினிபோல் எரிகிறது?' என்று ஒரு மாலை முழுவதும் யோசித்தது வேறு கதை.

வீட்டில் செய்யக் கூடாத வேலைகளும் உண்டு. பழைய பிரேக்கின் உராய்வுப் பட்டையில் கல்நார் இருக்கலாம். அதன் தூசியைக் காற்றால் ஊதக் கூடாது. மூச்சுக்குழலில் சேர்ந்தால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் தரும். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் பட்டையையும் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். கெட்டியாக்கி கலந்த வாகனச் சாயத்தின் ஆவியும் நுரையீரலுக்குத் தீங்கானது. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. எனவே, துருப்பிடித்த முன் மட்கார்டையும் இருக்கையின் அடித்தகட்டையும் பட்டறைக்கு அனுப்பினோம். காலியான பெட்ரோல் தொட்டியும் ஆபத்தானதுதான். உள்ளே தங்கியுள்ள ஆவிக்கு ஒரு சிறு பொறி போதும்.

பின்பகுதியில்தான் கருத்து வேறுபாடு வந்தது. அப்பாவின் பால் வாளிகள் ஆண்டுக்கணக்கில் உரசியதால், இருக்கைக்குக் கீழே இரு பக்கமும் நீல நிறம் தேய்ந்து, உள்ளே இருந்த இரும்பு தெரிந்தது. இரண்டு பிறை வடிவங்கள். முன்பகுதி பளபளக்கும்போது பின்பகுதி இப்படி இருந்தால் ஒட்டுப்போட்ட சட்டைபோல் தெரியும் என்றான் தம்பி. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கோ அந்த இடத்தை மறைக்க மனமில்லை. நான் மூன்று வயதில் உட்கார்ந்த இடம் அந்த வாளிகளுக்கு நடுவில்தான். கடைசியில் மகன் ஒரு வழி சொன்னான். மேலே படிந்த துருவை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் எடுத்துவிட்டு, நிறமற்ற பூச்சைப் பூசலாம் என்றான். அப்படியே செய்தோம். துரு மீண்டும் வராது என்று உறுதி சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை மெழுகு தேய்க்கும் பொறுப்பை அவனே ஏற்றுக்கொண்டான்.

பதினான்கு மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிறு காலை வால்வு இடைவெளியைச் சரிசெய்தோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காகிதத்தைவிட மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். பிறகு தம்பி மிதித்தான். ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு. எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, "சோக்கை இழுத்தியா?" என்றார். இழுக்கவில்லை. அடுத்த மிதியில் வண்டி இருமியது. அதற்கு அடுத்ததில் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுவதும் வெள்ளைப் புகை. மகன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, நல்ல காதை வண்டியின் பக்கம் திருப்பிச் சிறிது நேரம் கேட்டார்.

"டக் டக்னு ஒரு சத்தம் வருதே, கேட்குதா? வால்வு இன்னும் லூசா இருக்கு. நாளைக்குச் சூடு ஆறினதும் மறுபடி பாருங்க."

மறுநாள் பார்த்தோம். இரண்டு வால்வுகளில் ஒன்றை மகன் சரியாக இறுக்கவில்லை. சாலை வரியைப் புதுப்பிக்கும் வேலை இன்னும் முடியவில்லை. அதுவரை வண்டி வாசலைத் தாண்டாது. மாலையில் ஐந்து நிமிடம் அதை ஓடவிட்டு நிறுத்துகிறோம். அந்த நேரத்துக்கு முன்பே அப்பா நாற்காலியைக் கொட்டகைக்கு இழுத்து வந்துவிடுகிறார்.