வாராக்கடன்: கணக்கில் போக்கெழுதினால் கடன் தீர்ந்துவிடுமா?

கேள்வி: மணலி புதுநகரில் இரும்பு ஃபேப்ரிகேஷன் பட்டறை. மூன்று இடங்களில் பில் பாக்கி. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு 4,80,000 ரூபாய் தர வேண்டும், இரண்டரை ஆண்டு ஆகிறது. ஒப்பந்ததாரர் ஒருவர் கடையை மூடிவிட்டார். மூன்றாவது, ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அது திவால் நடவடிக்கையில் இருக்கிறது. இவற்றை வாராக்கடனாக எழுதினால் வருமான வரி குறையுமா? எழுதிய பிறகு வசூலிக்கும் உரிமை போய்விடுமா? கட்டிய ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்குமா?

பதில்: வாராக்கடனைப் போக்கெழுதுவது வியாபாரி தன் பேரேட்டில் தானே செய்துகொள்ளும் ஏற்பாடு. வாடிக்கையாளரின் கடன் அதனால் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. வரிச் சட்டம் பார்ப்பது பேரேட்டை. நீதிமன்றம் பார்ப்பது பில், டெலிவரி சலான், கையெழுத்து ஆகியவற்றை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள், உரிமை போய்விடுமோ என்று பயந்து எழுதாமல் விடுகிறார்கள். அல்லது எழுதிவிட்டோமே என்று வசூலைக் கைவிடுகிறார்கள்.

முதலில் வரி. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 36-வது பிரிவு வாராக்கடனைச் செலவாகக் கழிக்க இடம் தருகிறது. முன்பு, கடன் அந்த ஆண்டில்தான் வாராததாயிற்று என்று வியாபாரி நிரூபிக்க வேண்டியிருந்தது. அதிகாரிக்கும் வியாபாரிக்கும் ஓயாத வழக்கு. 1989 ஏப்ரல் 1 முதல் அமலான திருத்தம் அந்தச் சுமையை நீக்கியது. கணக்கில் வாராதது என்று போக்கெழுதியிருந்தாலே போதும் என டி.ஆர்.எஃப். லிமிடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2016 மே மாதச் சுற்றறிக்கையில் இதை ஏற்று, இந்தக் காரணத்துக்காக மேல்முறையீடு செய்ய வேண்டாம் என்று தன் அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. வாராக்கடன் கழிவு தொடர்கிறது.

போக்கெழுதுவது வேறு, ஒதுக்கு வைப்பது வேறு. ‘வராமல் போகலாம்’ என்ற ஐயத்தில் இலாபத்திலிருந்து ஒரு தொகையை எடுத்து வைப்பது வாரா ஐயக்கடன் ஒதுக்கு. கணக்கியல் இதை நல்ல பழக்கம் என்கிறது. வரிச் சட்டம் சாதாரண வியாபாரிக்கு இதைக் கழிக்க விடுவதில்லை. வழக்கில் தோற்றுத் தெரிந்துகொண்ட கம்பெனிகளில் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது. சதர்ன் டெக்னாலஜீஸ் என்ற நிதி நிறுவனம், ரிசர்வ் வங்கி விதிப்படி வைத்த ஒதுக்குக்கு வரிக் கழிவு கேட்டது. ரிசர்வ் வங்கியின் விதி கணக்கைக் காட்டும் முறைக்கானது, வரிக்கு அது பொருந்தாது என்று 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. மூன்று மாதம் கழித்து விஜயா வங்கி வழக்கில் வந்த விளக்கம் முக்கியமானது: இலாப நட்டக் கணக்கில் பற்று வைத்து, அதே தொகையை இருப்புநிலைக் குறிப்பின் கடனாளிகள் தொகையிலிருந்தும் குறைத்துக் காட்டினால் அது போக்கெழுதியதாகவே கொள்ளப்படும். பட்டறைக் கணக்கில் இதற்கு ஒரே ஒரு குறிப்பேட்டுப் பதிவு போதும். வாராக்கடன் கணக்கில் பற்று, வாடிக்கையாளர் கணக்கில் வரவு. எந்த நிதியாண்டில் கழிவு வேண்டுமோ அந்த ஆண்டின் கணக்கிலேயே பதிவு இருக்க வேண்டும்.

கழிவுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு: அந்தப் பாக்கி முன்பே வருமானமாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். பில் போட்டு விற்பனையில் சேர்த்த தொகை இதில் வரும். உறவினருக்குக் கொடுத்த கைமாற்று வராது. தகடு வாங்க சப்ளையருக்குக் கொடுத்து ஏமாந்த அட்வான்ஸும் வாராக்கடன் ஆகாது. அதை வியாபார நட்டம் என்ற தலைப்பில்தான் கோர முடியும். ரொக்க அடிப்படையில் கணக்கு வைப்பவருக்கு வாராக்கடனே இல்லை. விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதத்தை இலாபமாகக் கொண்டு உத்தேச வரி கட்டுபவர்களும் இதைத் தனியாகக் கழிக்க முடியாது. சிறு பட்டறைகளில் பல இந்த முறையில்தான் கட்டுகின்றன என்பதால், ஆடிட்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான். போக்கெழுதிய பணம் பிறகு வந்தால், வந்த ஆண்டின் வருமானமாகக் காட்டி வரி கட்ட வேண்டும். வரக்கூடும் என்பதைச் சட்டமே எதிர்பார்த்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வசூல் உரிமை போவது வேறு வழிகளில். முதலாவது, வியாபாரியே எழுதித் தருவது. ஒப்பந்தச் சட்டம் 63-வது பிரிவின்படி கடன் கொடுத்தவர் கடனைத் துறக்கலாம். அதற்குப் பிரதிபலன்கூடத் தேவையில்லை. கேட்டார்களே என்று ‘பாக்கி இல்லை’ கடிதம் கொடுப்பதும், போக்கெழுதியபின் பூஜ்ய இருப்பு காட்டும் லெட்ஜர் நகலை அனுப்புவதும் எதிராளி கையில் ஆயுதத்தைக் கொடுப்பதாகும். போக்கெழுதிய பாக்கிகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து, பில்களையும் சலான்களையும் அதோடு பாதுகாப்பது நல்லது.

இரண்டாவது, காலம். 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டு. தவணை பேசாமல் கொடுத்த சரக்குக்கு டெலிவரி நாளிலிருந்து, ஜாப் ஒர்க் கூலிக்கு வேலை முடிந்த நாளிலிருந்து, தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். பொதுவாக ஒவ்வொரு பில்லுக்கும் கணக்கு தனி. கெடு முடிவதற்குள் கடனாளி கையெழுத்திட்டுப் பாக்கியை ஒப்புக்கொண்டாலோ, காசோலையாக ஒரு பகுதி தந்தாலோ, அன்றிலிருந்து புதிய மூன்று ஆண்டு தொடங்கும். முடிந்தபின் வாங்கும் வெறும் ஒப்புதலால் பயனில்லை. தருகிறேன் என்று எழுத்தில் புதிதாக வாக்குறுதி தர வேண்டும். யார்டு பாக்கிக்கு இரண்டரை ஆண்டு போய்விட்டதால் எஞ்சியிருப்பது சில மாதங்களே. பாக்கி உறுதிக் கடிதத்தில் கையெழுத்து இப்போதே வாங்க வேண்டும். மறுத்தால் கெடுவுக்குள் வழக்கு.

அந்த வழக்குக்கு முன்னால் இன்னொரு கதவு இருக்கிறது. 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். உத்யம் பதிவுள்ள குறு, சிறு தொழில்கள் இணையதளம் வழியே வசதியாக்கக் கவுன்சிலுக்கு மனுச் செய்யலாம். சென்னை மண்டலத்துக்குத் தனிக் கவுன்சில் உண்டு. தோற்றவர் அந்தத் தீர்ப்பை எதிர்க்க விரும்பினால் முதலில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். இவ்வளவு பலமான சட்டத்தை வடசென்னைப் பட்டறைகள் குறைவாகவே பயன்படுத்துகின்றன. பெரிய வாடிக்கையாளரைப் பகைத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம்தான் காரணம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்த உரிமை கிடையாது. உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். பதிவுக்கு முந்தைய பில்களுக்கு இது பொருந்துமா என்பதில் தீர்ப்புகள் முரண்படுவதால், பதிவில்லாதவர் நாளைத் தள்ளக் கூடாது.

கடையை மூடிய ஒப்பந்ததாரர் தனி உரிமையாளராக இருந்தால் கடை போனாலும் கடன் அவர் தலையில்தான். கூட்டு நிறுவனம் என்றால் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. அவருடைய காசோலை ஏதாவது திரும்பியிருந்தால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது சேர்ந்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவின் கீழ் புகார்.

திவால் நடவடிக்கையில் உள்ள கம்பெனியின் மீது இப்போது வழக்குப் போட முடியாது, தடைக்காலம். பத்திரிகை அறிவிப்பில் குறித்த தேதிக்குள், தீர்வு அலுவலரிடம் செயல்பாட்டுக் கடனீந்தோருக்கான படிவத்தில் கோரிக்கை தர வேண்டும். சரக்குக் கொடுத்தவர்களின் பங்கு பெரும்பாலும் சொற்பமே. ஆனால் தீர்வுத் திட்டம் அனுமதிக்கப்பட்ட பிறகு அதில் இடம்பெறாத கோரிக்கை அழிந்துபோகும் என்று கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில் 2021-ல் தீர்ப்பாகிவிட்டது. இந்த ஒரு பாக்கியில் மட்டும் சும்மா இருந்தால் கடனே போய்விடும்.

ஜி.எஸ்.டி. திரும்ப வராது. சரக்குத் திரும்பினால், வரி கூடுதலாகப் போட்டிருந்தால், சரக்கில் குறை இருந்தால் கிரெடிட் நோட் போடலாம். பணம் வராததற்குப் போட முடியாது. ஆனால் பில் தேதியிலிருந்து 180 நாளில் பணம் தராத வாடிக்கையாளர், தான் எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டிய பாக்கியை, பணம் தரும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவும் சொல்கிறது. யார்டுக்கு அனுப்பும் நோட்டீஸில் இந்த இரண்டையும் குறிப்பிட்டு, அவர்களுடைய ஆடிட்டருக்கும் ஒரு நகல் அனுப்புவது நல்லது.