தோட்டத்து மரவேலி

மனையை அடுத்துச் சிறு காய்கறித் தோட்டம் இடுவோர், விதைக்கும் எருவுக்கும் செலவிடுமுன் வேலிக்குச் செலவிடல் வேண்டும். ஒரு திங்கள் பேணி வளர்த்த கத்தரி நாற்றை ஒரு வெள்ளாடு அரை நாழிகையில் மேய்ந்து தீர்த்துவிடும். கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி வளர்ப்பது நம் நாட்டு வழக்கே. ஆயினும் அஃது அடர்வதற்குச் சில பருவங்கள் செல்லும். அதன் வேர் அருகிலுள்ள பாத்தியின் நீரையும் பருகும். வேலியே பயிரை மேய்ந்தது என்னும் பழமொழி ஈண்டு மெய்யாகவே பொருந்தும். ஆதலின் சிறு நிலத்திற்கு மரச்சட்ட வேலியே தக்கதென்பது எம் கருத்து.

24 அடி நீளமும் 18 அடி அகலமும் உள்ள நிலத்தின் சுற்றளவு 84 அடி. 6 அடிக்கு ஒன்றாக 14 கால்களும், வாயிலுக்கென மேலும் ஒரு காலும் வேண்டும். 3 அங்குல அகலச் சட்டங்களை 2 அங்குலம் இடைவிட்டு அறைந்தால், வாயில் உட்பட ஏறத்தாழ 200 சட்டங்கள் செல்லும். மூலைகள் செங்கோணமாக அமைதற்குக் கயிற்றில் 6, 8, 10 அடி அளவுடைய முக்கோணம் பிடித்தல் போதும். பைதகோரஸ் தேற்றத்தைத் தேர்வுத்தாளில் நிறுவும் மாணவர்கள் தச்சர் கையில் அதனை ஒருமுறை காண்பது நன்று.

இனி, வேலி முதலிற் கெடுவது எவ்விடத்தே? பெரும்பாலும் கால் மண்ணைத் தொடும் மட்டத்திலேயாம். மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணத்திற்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். மண்ணுக்கு மேலே ஈரம் நில்லாது. ஆழத்திலே காற்றுக் குறைவு. மண்மட்டத்திலோ இரண்டும் உண்டு. கறையான் ஏறுவதும் மண்ணிலிருந்தே. ஆகவே அவ்விடத்திற்கு மேலும் கீழும் ஒரு சாண் அளவு காய்ந்த மரத்தின்மீது தார் பூசி, குழியின் அடியிற் சல்லி இட்டு, காலைச் சுற்றி மண்ணைச் சற்றே மேடாக்கி நீர் வடியச் செய்க. 6 அடிக் காலில் 2 அடி மண்ணுள் இருத்தல் வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது மரத்தைத் தெரிதல். தொல்காப்பிய மரபியல், அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும் வகுக்கின்றது. இஃது ஏட்டளவில் நிற்கும் இலக்கணமன்று. தேக்கு அகக்காழ் உடையது. அதன் வெளிறிய புறப்பகுதியை நீக்கி உள்வயிரத்தையே காலாகக் கொள்ளல் வேண்டும். பனையோ புறக்காழ் உடையது; அதில் சோறு எனப்படும் மெல்லிய உட்பகுதியைக் களைந்து, கரிய புறவயிரத்தைக் கொள்ளல் வேண்டும். ஒன்றின் முறையை மற்றொன்றிற்குக் கையாண்டால் வலியதை எறிந்து மெலியதை நட்டவராவோம். விலை மலிவென்று வயிரமில்லாத இளமரம் வாங்குவோர்க்கும் இதுவே கதி.

சட்டங்களின் தலையைச் சாய்வாகவோ கூராகவோ சீவுதல் அழகிற்கு மட்டுமன்று. மழைநீர் வெட்டுவாயில் தங்கி ஊறாமைப் பொருட்டுமாம். அவற்றின் அடி மண்ணைத் தொடாது 2 அங்குலம் உயர்ந்து நிற்க. துத்தநாகம் பூசிய ஆணிகளே துருவைத் தாங்கும். வாயிற்கதவிற்கு இடும் மூலைச்சட்டம், கீற்கீலின் பக்கத்து அடிமூலையினின்று எதிர்ப்புறத்து மேல்மூலைக்கு ஏறுதல் வேண்டும். அப்பொழுதே கதவின் பாரம் கீலுள்ள காலின்மீது இறங்கி, கதவு தொய்யாது நிற்கும்.