டார்க் ராடு நட்டை யார் பார்ப்பது?

கையில் மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எவ்வளவு வேகத்துல போனீங்க?" நான் வேகமாகப் போகவில்லை. பின்னால் மிளகாய்ச் சாக்கைக் கட்டிக்கொண்டு 100 சிசி வண்டியில் யாரும் பறக்க முடியாது. பிரேக் பிடிக்காமலும் இல்லை. பிடித்தது, அப்புறம் விடவே இல்லை.

பரமக்குடி, முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடி என்று மிளகாய்த் தரகு வேலையாகச் சுற்றுகிறவன் நான். வண்டிக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக், ஸ்போக் வீல், டியூப் டயர். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அலாய் வீல், டியூப்லெஸ்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம்.

ஆரம்பம் ஒரு சீமைக் கருவேல முள். ராமநாதபுரம் மாவட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விறகு ஏற்றிப் போகும் டிராக்டரிலிருந்து மிலாறு உதிர்ந்து கிடக்கும். முள் டயருக்குள் ஏறி ஒடிந்துவிட்டால் வெளியே தடயமே இருக்காது. பஞ்சர் ஒட்டிய மறுநாளே அதே இடத்தில் காற்று இறங்கினால் ஒட்டு சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். (சண்டை போட வேறு விஷயம் இருக்கிறது, வருகிறேன்.) முள்முனை டயருக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். டியூப்பை உள்ளே போடும் முன் பனியன் வேஸ்டைச் சுருட்டி டயரின் உட்பக்கம் ஒரு சுற்று இழுக்கச் சொல்லுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும்.

என் வண்டியில் முள் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருக்கிறது. காற்று குறைந்த டயர் ரிம்மை இறுக்கிப் பிடிக்காது. ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் ரிம் நிற்கும், டயர் இம்மி வழுக்கும், கூடவே டியூப்பையும் இழுக்கும். டியூப்பின் வால்வோ ரிம் ஓட்டையில் மாட்டியிருக்கிறது. நகர வழியில்லாமல் சாயும். சாய்ந்துகொண்டே போய் ஒருநாள் அடியோடு கிழியும். என்னுடையதும் அப்படித்தான் கிழிந்தது. அதனால் வால்வு நேராக நிற்கிறதா என்று காலையில் ஒரு பார்வை பார்த்தால் போதும். சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி, டயரைத் தட்டி நகர்த்தி, நேராக்கிவிட்டு அடிக்க வேண்டியதுதான். கிழிந்த பிறகு ஒட்ட முடியாது, டியூப்பையே மாற்ற வேண்டும்.

காற்று இறங்கிய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாது, தள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று கடையில் நின்ற ஒருவர் உபதேசம் செய்தார். சித்திரை வெயிலில் கடலாடிச் சாலையில் சாக்கோடு தள்ளிப் பார்த்துவிட்டு அவர் பேசட்டும்.

சாதாரண பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றாமல் ஒரு பக்கமாக டியூப்பை உருவி ஒட்டிவிடுவார்கள். டியூப் மாற்றச் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றும்போது பிரேக் ராடையும் டார்க் ராடையும் விடுவிக்க வேண்டும். இந்த டார்க் ராடு என்ன வேலை செய்கிறது என்று வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். விழும்வரை எனக்கும் யாரும் சொன்னதில்லை.

பிரேக் மிதித்ததும் ஷூ இரண்டும் விரிந்து, சுற்றும் டிரம்மைத் தொடுகின்றன. டிரம் சும்மா நிற்குமா? ஷூவைத் தன்னோடு சுற்ற இழுக்கும். ஷூ உட்கார்ந்திருப்பது பிரேக் பிளேட்டில். ஆகவே பிளேட்டும் சேர்ந்து சுற்றப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் ஸ்விங் ஆர்மோடு கட்டி வைத்திருப்பது அந்தப் பட்டைக் கம்பி ஒன்றுதான். அது கழன்றுவிட்டால் பிளேட் சக்கரத்தோடு திரும்பும். பிரேக் ராடு மாட்டியிருக்கும் லீவர் கீழ்ப்பக்கம் இருப்பதால், பிளேட் திரும்பும்போது லீவர் பின்னால் போகும். ராடின் மறுமுனை பெடலில் இருக்கிறது. நீங்கள் காலை எடுத்துவிட்டாலும் ராடு லீவரை இழுத்துக்கொண்டே இருக்கும், பிரேக் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கடைப் பையன் சக்கரத்தை மாட்டினான், ஆக்ஸில் நட்டை இறுக்கினான், பெடலை மிதித்தும் காட்டினான். பிரேக் நன்றாகவே பிடித்தது. டார்க் ராடின் நட்டை மட்டும் கையால் திருகியதோடு விட்டிருக்கிறான். நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே போடும் ஸ்பிளிட் பின்னைப் போடவே இல்லை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் சாலைகளின் குலுங்கலில் நட்டு மெல்லக் கழன்று, ஒருநாள் ஆட்டுக் கிடை குறுக்கே வந்தபோது நான் மிதித்த மிதியில் போல்ட்டும் வெளியே வந்துவிட்டது. பின்சக்கரம் பூட்டி, வண்டி பக்கவாட்டில் இழுத்து, மணிக்கட்டு எலும்பு போனது. சாக்கு கிழிந்து மிளகாய் சாலையெல்லாம் சிதறியது. என்னைத் தூக்கியவர்களைவிட மிளகாய் அள்ளியவர்கள் அதிகம். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

போல்ட் துளை காலியாக இருந்ததையும் பிரேக் பிளேட் விரிசல் விட்டிருந்ததையும் வேறொரு மெக்கானிக் காட்டினார். பஞ்சர் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "வண்டி பழசுண்ணே, நட்டு தானாக் கழண்டிருக்கும்" என்றார். தானாகக் கழலக் கூடாது என்பதற்காகத்தானே அந்தப் பின்? அதற்கு அவரிடம் பதில் இல்லை, இன்னொரு வண்டிக்குக் காற்று அடிக்கப் போய்விட்டார்.

மச்சினன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "டிஸ்க் வண்டி வாங்குங்கன்னு அப்பவே சொன்னேன் மச்சான்" என்றான். அவனுடைய 125 சிசி வண்டியைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். முன்னால்தான் டிஸ்க், பின்னால் டிரம். டார்க் ராடும் இருக்கிறது. அதில் ஸ்பிளிட் பின் துருப்பிடித்து அரைவாசி இருந்தது. நான் டிரம்மை மாற்றப் போவதில்லை. ஷூ விலை குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும், எனக்கு அது போதும்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலைகள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின் பெடல் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் சும்மா இறங்கிய பிறகே பிடிக்க வேண்டும். முன் லீவருக்கு ஒன்று, இரண்டு சென்டிமீட்டர். செயின் இறுக்கினால் சக்கரம் பின்னால் நகரும், அதனால் பிரேக்கும் தானாக இறுகிவிடும். செயின் வேலை பார்த்த கையோடு பிரேக் நட்டைத் தளர்த்திச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் ஷூ உரசிக்கொண்டே ஓடும். பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது கேம் அருகே இருக்கும் அம்புக்குறி பிளேட்டில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது. அதற்கு மேலும் நட்டை இறுக்கி ஓட்டச் சொல்கிறவர் உங்கள் நண்பர் இல்லை. ஷூ மினுங்கினால் உப்புத்தாளால் தேய்க்கலாம், ஆனால் டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள். சில ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. வாட்டர் சர்வீஸ் முடிந்து வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டி இரண்டு, மூன்று தரம் லேசாகப் பிரேக் பிடித்து ஈரத்தைப் போக்குங்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 100 சிசி வண்டி என்றால் சிபிஎஸ் இருக்கும், பின் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். "முன்னால இழுக்குது" என்று சொன்னால் அந்தக் கேபிளைத் தளர்த்திவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். விடாதீர்கள். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று நம் ஊரில் ஒரு பயம். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குத்தான் போகிறது, வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதுக்குத்தான். மணலிலும், சாலையில் நெல்லும் மிளகாயும் காயப்போட்ட இடத்திலும் மட்டும் முன் பிரேக்கை அமுக்கிப் பிடிக்காதீர்கள்.

டயருக்குக் காற்று: என் வண்டிக்குக் கம்பெனி சொல்வது முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, இன்னொருவர் ஏறினால் 40. சாக்கு ஏற்றுகிற நாளில் நான் ஆள் கணக்கையே வைத்துக்கொள்கிறேன். உங்கள் வண்டிக்கு என்ன என்று மேனுவலில் பாருங்கள். பம்பில் இருக்கும் மீட்டரை நம்பாமல் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள், காலையில் டயர் சூடாகும் முன் பாருங்கள். பட்டன் தேய்மானத்துக்கு மோட்டார் வாகன விதி இரு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் வரை விடுகிறது. காடிக்குள் இருக்கும் சின்ன மேடு வெளியே தெரிந்தால் அந்த அளவு வந்துவிட்டது, ஆனால் மழைக்காலத்தில் நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். புது டயர் வாங்கும்போது பக்கத்தில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பளபளவென்று துடைத்து, புதுசு என்று பழைய சரக்கைத் தள்ளுகிற கடைகளும் இருக்கின்றன, எனக்கே தள்ளப் பார்த்தார்கள். டயரில் போட்டிருக்கும் அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையிலேயே மாட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் நின்று பாருங்கள்.

இதில் எதை மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். பின்சக்கரம் கழற்றி மாட்டிய நாளில் மட்டும், காசு கொடுக்கும் முன் குனிந்து டார்க் ராடைக் கையால் அசைத்துப் பாருங்கள். நட்டு இருக்கிறதா, குறுக்கே பின் இருக்கிறதா, அதன் கால்கள் விரித்து மடக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பஞ்சர் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி மாட்டாதீர்கள், ஒரு முறை மடக்கியது அடுத்த முறை ஒடியும். ஒரு டப்பா ஸ்பிளிட் பின் வாங்கிக் கடையில் வையுங்கள். ஒரு டியூப் விற்கிற லாபத்துக்குள் அது அடங்கிவிடும்.