பெயின்ட்டைவிடத் தின்னருக்கு அஞ்சுங்கள்

கேள்வி: பொங்கலுக்கு வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறோம். எங்கள் பூனை எனாமல் பெயின்ட்டில் உரசிக்கொண்டால் தின்னரோ மண்ணெண்ணெயோ தொட்டுத் துடைக்கலாமா? நக்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கச் சொல்கிறார்களே, சரியா?
- வாசகி, முசரவாக்கம்

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். பெயின்ட் செய்யும் கெடுதலைவிட இந்த வைத்தியம் செய்யும் கெடுதல் பெரிது. நம் கையில் பட்டதைத் தின்னரால்தானே துடைக்கிறோம் என்று கேட்கலாம். நாம் அடுத்த நிமிடமே சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறோம். பூனைக்கோ நாக்குதான் சோப்பு. ரோமத்தில் தடவியது அத்தனையும் வயிற்றுக்குப் போகும், தோலும் வெந்துவிடும். டர்பென்டைன், தின்னர், மண்ணெண்ணெய் மூன்றும் தண்ணீரைப்போல் ஓடுபவை. வாந்தி வரும்போது சில சொட்டுகள் மூச்சுக்குழலில் இறங்கினாலும் நுரையீரலில் பரவி நிமோனியாவாகிவிடும். உள்ளே போன விஷத்தை எடுக்காமல் விடுவதா என்ற பதற்றம் நியாயமானதுதான். ஆனால் இவை வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குப் போவதே பேராபத்து. உப்புத் தண்ணீரோ ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, தானே வலிப்பை வரவழைக்கக்கூடியது.

ஈர பெயின்ட்டாக இருந்தால் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து, மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவுங்கள். காய்ந்திருந்தால் அந்த ரோமத்தைக் கத்தரித்துவிடுங்கள். அதுவரை நக்கவிடாமல் துண்டில் சுற்றிப் பிடித்திருங்கள். இருமல், மேல்மூச்சு, தள்ளாட்டம் எது தெரிந்தாலும் பெயின்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இருமல் தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால், தின்னரை நக்கிய பூனை தெம்பாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் அவ்வளவு மோசமில்லை. கொஞ்சம் நக்கினால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். எனக்கு அதிகக் கவலை தருவது நீங்கள் கேட்காத ஒன்று: பழைய கதவு, தூண்களைச் சுரண்டுவது. வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் நிறையவே இருக்கலாம். உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் தரையெங்கும் படியும். நாயும் பூனையும் அதில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். ஆகவே நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள், வேலை முடியும்வரை பிராணிகளை வேறிடத்தில் வையுங்கள். சில நாள் கழித்து வாந்தி, வயிற்றுவலி, வலிப்பு வந்தால், கதவைச் சுரண்டியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாய்க்கு வலிப்பு என்றால் ரேபிஸ், டிஸ்டெம்பர் என்றுதான் சந்தேகம் முதலில் போகும். ஈயத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியவரும்.